ஒரு சொல்லும் விடாமல்: 'ஜானி கேஷ் ஷோ' நாடாக்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

'தி ஜானி கேஷ் ஷோ'வின் ஒளிநாடாக்களையும் அவற்றின் உரிமையையும் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு,

வணக்கம். சென்னையிலிருந்து எழுதுகிறேன். கேட்க வந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் தொலைக்காட்சியில் நடத்திய அந்த நிகழ்ச்சியின் 58 எபிசோடுகளையும் முழுமையாக, ஒளிபரப்பான வரிசையிலேயே, சப்டைட்டிலோடு, எந்த ஊரில் இருப்பவரும் காசு கொடுத்துப் பார்க்கும்படி வெளியிடுங்கள். பாட்டுகளை மட்டும் வெட்டி எடுத்துத் தராதீர்கள்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துப் பழைய நிகழ்ச்சியில் சென்னைக்காரருக்கு என்ன அக்கறை என்று உங்களுக்குத் தோன்றலாம். இருபது வருடங்களுக்கு முன்னால் நான் ஒரு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் அலுவலகத்தில் ராத்திரி ஷிப்ட் வேலை பார்த்தேன். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்த நோயாளிக் குறிப்புகளை ஹெட்போனில் கேட்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து மிதித்து நிறுத்தி, சொல் சொல்லாகத் தட்டச்சு செய்கிற வேலை. தென்மாநிலத்து டாக்டர் ஒருவர் வந்தால் எங்கள் வரிசைக்கே திண்டாட்டம். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். ஒரு நாள் டீம் லீடர் என் மேஜையில் ஒரு சிடியை வைத்தார். "இந்த ஆள் பேசறதக் கேளு, காது பழகிடும்" என்றார். 1968 ஜனவரியில் ஃபோல்சம் சிறைக்குள் கைதிகள் முன்னால் ஜானி கேஷ் பாடிய பதிவு அது.

அவர் பாடுவதைக் கேள் என்று சொல்லவில்லை, பேசுவதைக் கேள் என்றுதான் சொன்னார். அதனால் நான் கேஷை முதலில் பேச்சாகத்தான் கேட்டேன். இரண்டு பாட்டுக்கு நடுவே கைதிகளிடம் சொல்லும் ஒரு வார்த்தை, ஒரு சிரிப்பு, அதற்கு அவர்கள் போடும் கூச்சல். பாட்டின் பாதி அர்த்தம் அதில்தான் இருந்தது. இப்போது கேட்கும் வேண்டுகோளும் அங்கிருந்து வந்ததுதான்.

பிறகு இணையத்தில் நிகழ்ச்சியின் துண்டுகள் கிடைத்தன. பாடகர் பாப் டிலனும் கேஷும் அடுத்தடுத்து உட்கார்ந்து பாடும் மூன்று நிமிடம். ரே சார்ல்ஸ் 'ரிங் ஆஃப் ஃபயர்' பாடும் சில நிமிடம். அந்தப் பாட்டை எழுதியவர்களில் ஒருவரான ஜூன் கார்ட்டர் கேஷின் மனைவி, இதே நிகழ்ச்சியில் பங்கெடுத்தவர். கிதார் தொடங்கும் இடத்தில் துண்டு தொடங்கும், கைதட்டல் எழும்போது அறுந்துவிடும். அந்த விருந்தினர் எப்படி உள்ளே வந்தார், கேஷ் அவரை என்ன சொல்லி வரவேற்றார், அவருக்கு அப்புறம் யார் பாடினார்கள், ஒன்றும் தெரியாது. 2007ல் வந்த இரண்டு டிவிடித் தொகுப்பை ஒரு நண்பர் மூலம் வரவழைத்தேன். பாடகர் கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் தொகுத்து வழங்கியிருந்தார். நல்ல வேலைதான், அதற்கு உங்களுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அதுவும் தேர்ந்தெடுத்த பாட்டுகளின் வரிசைதான். அமெரிக்காவில் ஒரு சேனல் பழைய எபிசோடுகளை மறு ஒளிபரப்பு செய்தபோதும் இங்கிருக்கும் எனக்கு அது எட்டவில்லை.

இதை வாசிக்கும் தமிழ் நண்பர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். அந்தக் கால அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற பாடகர் ஒருவரை நடுவில் நிறுத்தி, விருந்தினர் பாட்டு, நகைச்சுவை, சின்ன நாடகம் எல்லாம் கலந்து வாரம் ஒரு மணி நேரம் நடத்துகிற நிகழ்ச்சிகள் நிறைய இருந்தன. பெரும்பாலும் ஹாலிவுட்டிலோ நியூயார்க்கிலோ பளபளப்பான அரங்கில் எடுப்பார்கள். ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் 1969 ஜூன் 7 அன்று கேஷின் நிகழ்ச்சியைக் கோடைக்கால நிரப்பியாகத்தான் தொடங்கியது. அதை நாஷ்வில்லில், ரைமன் அரங்கில் எடுத்தார்கள்.

ரைமன் 1892ல் வழிபாட்டுக் கூடமாகக் கட்டப்பட்டது. தாமஸ் ரைமன் என்ற நீராவிப் படகு முதலாளி ஒரு பிரசங்கியின் பேச்சில் மனம் மாறிக் கட்டிய கூடம். உட்கார தேவாலயத்து மர பெஞ்சுகள். ஏசி கிடையாது. 1943 முதல் 'கிராண்ட் ஓலே ஓப்ரி' என்ற வானொலி நிகழ்ச்சி, 'கண்ட்ரி' எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறப் பாடல் நிகழ்ச்சி, அங்கிருந்துதான் ஒலிபரப்பானது. 1965ல் மாத்திரைப் போதையில் இருந்த கேஷ் அதே மேடையில் மைக் ஸ்டாண்டை இழுத்துக்கொண்டு போய் ஓரத்து விளக்குகளை வரிசையாக உடைத்தார். இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். நாலே வருடத்தில் அதே மேடைக்கு, நாடு முழுக்கப் பார்க்கும் நிகழ்ச்சியின் தலைவராகத் திரும்பி வந்து, "ஹலோ, ஐ ஆம் ஜானி கேஷ்" என்று சொல்லி நிற்கிறார். கீழே பெஞ்சில் இருந்தவர்களில் பலருக்கு அந்த விளக்குக் கதை தெரிந்திருக்கும். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசை. துண்டுகளில் அந்த முகங்கள் அரை நொடிக்கு மேல் நிற்பதில்லை.

முதல் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966ல் மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு பொது மேடைகளில் அரிதாகவே தென்பட்ட டிலன் வருகிறார். கனடாவிலிருந்து வந்த இளம் பாடகி ஜோனி மிட்செல் வருகிறார். லூசியானா சதுப்பு நிலத்து வயலின்காரர் டக் கெர்ஷா வருகிறார். நகைச்சுவைக்கு ஃபேனி ஃபிளாக். கூடவே வாரா வாரம் இருக்கும் குடும்பம்: கார்ட்டர் குடும்பம், கிதார்காரர் கார்ல் பெர்கின்ஸ், பாட்டுக் குழு ஸ்டாட்லர் பிரதர்ஸ், கேஷின் வாத்தியக் குழு டென்னசி த்ரீ. வியட்நாம் போரை வைத்து அப்பனும் மகனும் ஒரே வீட்டில் பேசாமல் இருந்த காலம் அது. அப்படிப்பட்ட வீட்டில் டிலனைப் பார்ப்பதற்காக மகன் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால், மதர் மேபெல் கார்ட்டர் வாசித்து முடிக்கும்வரை அவன் இருந்தே ஆக வேண்டும். மேபெலைப் பார்க்க உட்கார்ந்த பாட்டி, டிலனை முழுதாகக் கேட்டே ஆக வேண்டும். நிகழ்ச்சியின் உயிரே இந்தக் காத்திருப்புதான் என்று நான் நினைக்கிறேன். அதை யாரும் மேடையில் வாய்விட்டுச் சொல்லவில்லை. வரிசைதான் அந்த வேலையைச் செய்தது.

இப்போது இணையத்தில் டிலன் ரசிகர் டிலன் துண்டை மட்டும் பார்க்கிறார். பாடகர் நீல் யங்கின் ரசிகர் நீல் யங் துண்டை மட்டும் பார்க்கிறார். மேபெல் கார்ட்டரை யார் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள்? 1927ல் பிரிஸ்டல் ஊரில் முதல் பதிவு செய்த கார்ட்டர் குடும்பத்தில் கிதார் வாசித்த பெண் அவர். கட்டைவிரலால் கீழ்த்தந்திகளில் மெட்டை வாசித்துக்கொண்டே மற்ற விரல்களால் தாளம் போடும் முறையை ஊருக்கெல்லாம் பரப்பியவர். அவர் மேடையில் சும்மா பின்னால் நின்று பாடுகிற வாரங்களும் இருந்திருக்கும். அந்த வாரங்களைத்தான் கேட்கிறேன்.

1970 அக்டோபரில் கறுப்பின ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் வந்த எபிசோடைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும்.

1930 ஜூலை 16 அன்று ஹாலிவுட்டில் ஜிம்மி ராட்ஜர்ஸ் 'புளூ யோடல் நம்பர் 9' என்ற பாட்டைப் பதிவு செய்தார். நாட்டுப்புறப் பாடலின் தந்தை என்று அழைக்கப்படும் வெள்ளைக்காரப் பாடகர். மேபெல் பதிவு செய்த அதே 1927 பிரிஸ்டல் அமர்வில்தான் அவரும் முதலில் பாடினார். 'நம்பர் 9'ல் டிரம்பெட் வாசித்தது ஆம்ஸ்ட்ராங். பியானோ வாசித்தது அவருடைய மனைவி லில் ஹார்டின். இசைத்தட்டின் மேல் ஒட்டிய தாளில் அவர்கள் இரண்டு பேர் பெயரும் இல்லை. நாற்பது வருடம் கழித்து கேஷ் அந்தப் பாட்டை எடுக்கிறார். இதை முதலில் வாசித்தவர் இவர்தான் என்று ஊரறியச் சொல்லி, ஆம்ஸ்ட்ராங்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, ராட்ஜர்ஸின் இடத்தில் தான் பாடுகிறார். உடல்நலம் குன்றியிருந்த ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட்டை எடுத்து வாசிக்கிறார். அடுத்த வருடம் ஜூலை 6 அன்று அவர் இறந்துபோனார்.

தாளில் விட்டுப்போன பெயரைத் திருப்பிச் சேர்த்த இடம் அது. பாட்டை மட்டும் வெட்டிக் கொடுத்தால் இரண்டு பேர் ஜாலியாக வாசிப்பது போலத்தான் தெரியும். முன்னால் இருக்கும் அந்தப் பேச்சு இருந்தால்தான் என்ன நடக்கிறது என்று புரியும். அந்த அரங்கில், அதே சாயங்காலம், ராட்ஜர்ஸின் காலத்து மேபெல் எங்கே நின்றுகொண்டிருந்தார்? எனக்கு அது தெரிய வேண்டும். கேஷ் கதை சொல்லும்போது கேமரா மேபெல் பக்கம் திரும்பியதா என்று பார்க்க வேண்டும். பார்க்க வழியில்லை.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. டாக்டர் சொன்ன சொல் புரியவில்லை என்றால் நாமாக ஒன்றைப் போடக் கூடாது, தாண்டியும் போகக் கூடாது. அந்த இடத்தில் கோடிட்டு பிளாங்க் விட்டு, மேலே சரிபார்ப்பவருக்கு அனுப்ப வேண்டும். ஒரு சொல் மாறினால் ஒருவருடைய மருந்தே மாறிவிடும். அப்படிப் பழகிய எனக்கு 'சண்டே மார்னின் கமிங் டவுன்' கதையைப் படித்தபோது சட்டென்று நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. கிறிஸ்டோஃபர்சன் எழுதிய பாட்டு. ஒரு காலத்தில் அவர் நாஷ்வில்லின் கொலம்பியா ஸ்டூடியோவில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக எழுந்து தெருவில் நடக்கும் ஒருவனின் வெறுமை அந்தப் பாட்டு. அதில் போதையில் இருந்திருக்கலாமே என்று அவன் ஏங்கும் இடத்தில் 'ஸ்டோன்ட்' என்ற சொல் வருகிறது. அது வேண்டாம், வீட்டில் இருந்திருக்கலாமே என்று மாற்றிப் பாடச் சொன்னார்கள் தொலைக்காட்சிக்காரர்கள். கேஷ் மேடையில் எழுதியவருடைய சொல்லையே பாடினார். அந்தப் பாட்டு 1970ல் கண்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் ஆண்டின் சிறந்த பாடல் விருதைப் பெற்றது. வீடு என்று மாற்றியிருந்தால் அவன் வீடு இல்லாத ஆள் ஆகியிருப்பான். எழுதியவர் சொன்னது வேறு: வீடு இருந்தும் விடியாத ஆள். ஒரு சொல்லுக்காக அப்படி நின்ற மனிதருடைய நிகழ்ச்சியைத்தான் இன்று முக்கால் பாகம் வெட்டி வைத்திருக்கிறோம்.

பீட் சீகரை அழைத்ததையும் அப்படித்தான் பார்க்கிறேன். 1955ல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்னால் பதில் சொல்ல மறுத்ததற்காக வருடக்கணக்கில் தொலைக்காட்சிப் பக்கமே வர முடியாமல் செய்யப்பட்ட பாடகர். 1967ல் வேறொரு நிறுவனத்து நிகழ்ச்சியில் அவர் பாடிய போர் எதிர்ப்புப் பாட்டை ஒளிபரப்புக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். அவரை 1970ல் கேஷ் தன் மேடைக்குக் கூட்டிவந்தார். அதே 1970 ஏப்ரலில் வெள்ளை மாளிகையில் அதிபர் நிக்சன் முன்னாலும் பாடினார் கேஷ். நிக்சன் தரப்பு கேட்ட இரண்டு பாட்டுகளைப் பாடாமல் விட்டு, இளைஞர்கள் பக்கம் நின்று கேள்வி கேட்கும் தன் 'வாட் இஸ் ட்ரூத்'தைப் பாடினார். ஒருவரை ஒரு பக்கத்து ஆள் என்று முத்திரை குத்த வேண்டுமானால் அவருடைய துண்டுகள் போதும். அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வாரா வாரம் பார்க்க வேண்டும்.

1971 பிப்ரவரியில் ஒளிபரப்பான எபிசோடை வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்த்து எடுத்தார்கள். மாணவர்கள் கேட்ட கேள்விகளிலிருந்து பிறந்த 'மேன் இன் பிளாக்' பாட்டை அங்கே முதன்முதலாகப் பாடினார். தான் ஏன் கறுப்புச் சட்டையே போடுகிறேன் என்று ஏழைகளையும் சிறையில் கிடப்பவர்களையும் போரில் சாகும் பையன்களையும் சொல்லிப் பாடிய பாட்டு. நீல் யங் 'தி நீடில் அண்ட் தி டேமேஜ் டன்' பாடியதும் அந்த எபிசோடில்தான். நிகழ்ச்சிக்காக நாஷ்வில் வந்த யங், ஜேம்ஸ் டெய்லர், லிண்டா ரான்ஸ்டாட் மூன்று பேரும் அதே பயணத்தில் உள்ளூர் ஸ்டூடியோ ஒன்றில் சேர்ந்து பாடித்தான் யங்கின் 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' பதிவாயிற்று. எரிக் கிளாப்டனின் டெரெக் அண்ட் தி டோமினோஸ் குழுவோடு கேஷும் கார்ல் பெர்கின்ஸும் 'மேட்ச்பாக்ஸ்' வாசித்த எபிசோடு அதற்கு முந்தைய மாதம் வந்தது. இவற்றை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், நான் நீட்டவில்லை.

யாரும் அதிகம் பார்க்காதது 'ரைட் திஸ் டிரெயின்' பகுதி. வாராவாரம் கேஷ் ரயிலைச் சாக்காக வைத்து ஒரு கதை சொல்வார். நிலக்கரிச் சுரங்கத்துக்காரன், பருத்திக் காட்டுக்காரன், கைதி என்று உழைக்கிற, ஒதுக்கப்பட்ட ஆட்களின் கதை, பழைய படக்காட்சிகளோடு, நடுநடுவே பாட்டோடு. அர்கன்சாவில் டையஸ் என்ற அரசுக் குடியிருப்பில் பருத்தி பறித்து வளர்ந்தவர் சொல்கிற கதை. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த எனக்கு இது அந்நியமாகவே படவில்லை. கதை சொல்லிக்கொண்டே போய், சொல் போதாத இடத்தில் பாட்டை எடுக்கிற வித்தை அது. பெரிய விருந்தினர் பெயர் இதில் இருக்காது, தேடினால் வராது. தொகுப்பு போடுகிறவர்கள் முதலில் வெட்டுவது இந்த மாதிரிப் பகுதியைத்தான்.

அப்புறம், அவர் தன் கிறிஸ்தவ நம்பிக்கையை மேடையில் வெளிப்படையாகச் சொன்னதும், அதைத் தயாரிப்பாளர்கள் விரும்பாததும், நிகழ்ச்சியின் கடைசிக் காலத்து விஷயம். நான் அந்த மதத்தைச் சேர்ந்தவர் இல்லை. ஆனாலும் அதையும் விடாமல் தாருங்கள். ஆம்ஸ்ட்ராங்கைச் சேர்த்துக்கொண்டு அதை மட்டும் கழற்றிவைப்பது சரியாக இருக்காது.

1971 மார்ச் 31 அன்று கடைசி எபிசோடு. அந்த வருட இலையுதிர் காலத்திலிருந்து நிறுவனங்கள் மாலை நேரத்தில் கொஞ்சத்தை உள்ளூர் நிலையங்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று புது விதி வந்தது. எதையாவது குறைத்தாக வேண்டும் என்ற நிலையில், நகரத்து இளைஞர்கள் பார்ப்பதை வைத்துக்கொண்டு கிராமத்து வாசனை உள்ள நிகழ்ச்சிகளை எல்லா நிறுவனங்களுமே கழித்துக் கட்டின. கேஷும் அதில் போனார்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவரிடம், பதிப்பாளரிடம் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். 1969ல் ஒப்பந்தம் எழுதியவர்கள் டிவிடியையோ இணையத்தையோ யோசித்திருக்க முடியாது. ஒரு மணி நேர எபிசோடில் பத்துப் பன்னிரண்டு பாட்டு என்றால் 58 எபிசோடுக்கு எத்தனை கையெழுத்து என்று எனக்கும் புரிகிறது. செலவு ஆகும், நாளாகும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கேட்கவில்லை. அனுமதி சேரச் சேர ஒவ்வொரு எபிசோடாக விடுங்கள், ஆனால் விடுவதை முழுதாக விடுங்கள். ஒரு பாட்டுக்கு அனுமதி கிடைக்கவே இல்லை என்றால் அந்த இடத்தில் திரையைக் கறுப்பாக்கி, இங்கே இன்னார் இந்தப் பாட்டைப் பாடினார் என்று ஒரு வரி போடுங்கள். நாங்கள் பிளாங்க் விடுவது மாதிரி. ஒட்டுப்போட்டு மறைக்காமல் இருந்தால் போதும், ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியும்.

சப்டைட்டிலை நான் வலியுறுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலம் படித்தவர்களுக்கே அந்தத் தென்மாநிலப் பேச்சு சுலபமாகப் பிடிபடாது. பாட்டின் வரிகளைத் தேடி எடுத்துவிடலாம். 'ரைட் திஸ் டிரெயின்' கதைகளையும், விருந்தினரை அழைக்கும் பேச்சையும் எழுத்தில் எங்கே தேடுவது? இயந்திரம் தானாகப் போடும் வரிகளை நம்பாதீர்கள். அந்த உச்சரிப்பில் அவை தடுக்கி விழுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆள் வைத்துச் செய்யுங்கள். ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். கூலி வேண்டாம். என்னோடு அந்த ராத்திரி ஷிப்டில் இருந்தவர்களில் இரண்டு பேரைக் கேட்டுவிட்டேன், அவர்களும் சரி என்றிருக்கிறார்கள். பெடல் இன்னும் என்னிடம் இருக்கிறது, வேலை செய்கிறது.

1970 அக்டோபர் எபிசோடை முதலில் அனுப்புங்கள். ஆம்ஸ்ட்ராங் உள்ளே வருவதற்கு முந்தைய நிமிடத்திலிருந்து.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு பழைய டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட்